வேலிக்கு மேற்கே நின்ற இலவ மரம்

பஞ்சு என்றால் மெத்தென்று இருக்கும் என்று சொல்லித் திரிகிறவர்களை ஒரு நாளைக்குக் கரடியனாற்றுச் சீதேவியின் குசினியில் கொண்டுபோய் இருத்த வேண்டும். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கி, வேலிக்கு மேற்கே நிற்கும் இலவ மரத்தில் காய்கள் வெடிக்கிற நாளாகப் பார்த்து இருத்த வேண்டும். இடித்த சம்பலில் பஞ்சு, இறக்கி வைத்த சோற்றில் பஞ்சு, கொடியில் காயும் பள்ளிச் சட்டையில் பஞ்சு, கண் இமையில் பஞ்சு. தேங்காய்ப்பாலில் விழுந்துவிட்டால் விரலால் எடுக்கவும் முடியாது. எடுக்க எடுக்க நூலாக நீண்டு பால் முழுக்கப் பரவும். பிறகு சொல்லட்டும் மெத்தென்று.

மரம் சீதேவியுடையது அல்ல, அவளுடைய அக்கா சுலோஜனாவுடையது. அந்தப் பக்கத்து வழக்கப்படி தாய் தன் வளவை இரண்டாக்கி மகள்மாருக்குச் சீதனமாகக் கொடுத்தாள். மேற்குப் பாதி மூத்தவளுக்கு, கிழக்குப் பாதி இளையவளுக்கு. கிணறு கிழக்கில் அகப்பட்டது, மரம் மேற்கில் அகப்பட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் வாளியோடு தங்கச்சியின் வளவுக்குத் தண்ணீர் அள்ள வந்த அத்தனை வருடமும் அது சுலோஜனாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. "அம்மா உனக்குக் கிணத்தத் தந்தா, எனக்குப் பஞ்சத் தந்தா" என்று சிரித்துக்கொண்டு சொல்வாள். சீதேவியும் சேர்ந்து சிரிப்பாள். பைத்தியக்காரி, அதைப் பகிடி என்று நினைத்திருந்தாள்.

போன வருடம் அக்கா வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அவள் கிணற்றடியை எட்டியும் பார்க்கவில்லை.

சீதேவியின் புருஷன் வாழைச்சேனையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பேனைக்குத்தான் இழுக்கு. அவள் சோற்றுப் பார்சல் கட்டி விற்று மகள் நிருஷாவை வளர்த்தாள். பஞ்சுக் காலத்தில் வாங்கினவர்கள் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாள். "நீ போனா எனக்கு ஆரம்மா தலை பின்னி விடுற?" என்று பிள்ளை கேட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட அதிபர் திவாகரன் அவள் வாசலுக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டாராம். பரிசளிப்பு விழாவுக்குச் சீதேவி ஆக்கிய கத்தரிக்காய்ப் பால்கறியை அதிபர் மறக்கவில்லை.

"நீங்க பொறுப்பெடுங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சுகாதாரப் பரிசோதகர், அதான் பி.எச்.ஐ., வந்து உங்கட குசினியப் பாப்பார். அவர் ஓம் எண்டாச் சரி, திங்கக்கிழமை தொடங்கலாம்."

அன்று பின்னேரம் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் ஒரு இடமும் போகல்ல மனே" என்றாள்.

பிறகு பஞ்சோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். காய்ந்த பஞ்சைக் கூட்டப் போனால் அது விளக்குமாற்றுக்கு முன்னால் எழும்பி ஓடும். தண்ணீர் தெளித்து, நனைந்து படிந்த பிறகுதான் கூட்ட வேண்டும். சன்னலுக்குப் பழைய நுளம்பு வலையை அடித்தாள், கதவுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள், கிணற்று வாயைச் சேலையால் மூடிக் கட்டினாள். எல்லாம் செய்துவிட்டு நிமிர்ந்தால் அடுப்புக்கல்லில் ஒரு வெள்ளைத் துணுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். மரம் நிற்கிற வரைக்கும் இந்தக் கூத்து முடியாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அக்காவிடம் போனாள். இதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். "காத்துக்குப் போய்ச் சொல்லு" என்பதுதான் எப்போதும் கிடைத்த பதில்.

"அக்கா, இந்த முறை மட்டும் மனம் வையுங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பி.எச்.ஐ. வாறார். அதுக்கு முதல் மரத்த வெட்டித் தாங்க. அந்த வேல கிடைக்காட்டி நான் பிள்ளைய உட்டுட்டுக் குவைத்துக்குத்தான் போகணும்."

சுலோஜனா வெண்டிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமையா? பத்து மணிக்கா?"

"ஓம் அக்கா."

"சரிகா. அதுக்கு முதல் வெட்டித் தாறன், போ."

சீதேவிக்குக் கண் முட்டிவிட்டது. அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடப்பிறந்த இரத்தம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, இருந்த பால்கறியைக் கோப்பை நிறையப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்காவின் புருஷன் அழகரத்தினம்தான் வாங்கினான். அந்த மனிதன் அவளுடைய முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டான்.

புதன் போனது, வியாழனும் போனது. மரம் நின்றபடி நின்றது. பொறுக்கமாட்டாமல் திரும்பவும் போய்க் கேட்டாள். "சொன்னாச் செய்வன்தானே, என்ன நச்சரிக்கிறாய்?" என்று அக்கா சீறினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல், சோறு வடித்து, பருப்பு இறக்கி, கீரையைத் தாளித்துக்கொண்டிருந்தபோது மரம் அறுக்கிற மெசினின் சத்தம் கேட்டது. சீதேவி அகப்பையோடு வேலிக்கு ஓடினாள்.

"அக்கா, இண்டைக்கு வேணாம்! ஐயோ, நிப்பாட்டச் சொல்லுங்க!"

சுலோஜனா காதில் கையை வைத்து, "என்னது? கேக்கல்ல!" என்றாள். கேட்டது. நன்றாகவே கேட்டது.

மரம் வேலிப் பக்கமாக விழுந்தது. வெடித்ததும் வெடிக்காததுமாக அத்தனை காயும் நிலத்தில் அடிபட்டு ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. கச்சான் அள்ளிக்கொண்டு வந்து கிழக்கே கொட்டியது. முற்றம் தெரியவில்லை, கூரை தெரியவில்லை. கிணற்றைக் கட்டியிருந்த சேலையை ஒரு கொப்பு கிழித்துக்கொண்டு போனது. சீதேவி வாளியால் தண்ணீரை வாரி வாரி இறைத்தாள். நனைந்த பஞ்சின் மேல் காய்ந்த பஞ்சு வந்து விழுந்தது. அவள் இருமி இருமி, கண்ணைத் திறக்கமுடியாமல், கீரைச் சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு குசினிக்குள் குந்தினாள்.

பி.எச்.ஐ. தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். பாவம், பொல்லாத மனிதர் இல்லை. கிணற்றுக்குள் பார்த்தார், தண்ணீர் தெரியவில்லை. சோற்றுப்பானை மூடியைத் தூக்கினார், தூக்கின கணத்திலேயே சோற்றின் மேல் வெள்ளை படிந்தது.

"இந்த மரத்த இண்டைக்குத்தானா வெட்டணும்?" என்று வேலிக்கு அப்பால் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சிதான் ஐயா கெஞ்சிக் கேட்டா, நீங்க வாறதுக்கு முதல் வெட்டித் தரச் சொல்லி" என்றாள் சுலோஜனா. "இல்லையாகா?"

சீதேவி கேட்டது உண்மைதானே. ஓம் என்று தலையை ஆட்டினாள்.

"ஐயா, பள்ளிப் பிள்ளைகள் பட்டினி கிடக்குமே" என்றாள் சுலோஜனா பிறகு, நாக்கில் தேன் வடிய. "என்ட குசினியயும் ஒருக்கா வந்து பாருங்களன்."

அவர் போய்ப் பார்த்தார். காற்று வருகிற மேற்குப் பக்கத்து வீடு, ஒரு துணுக்கும் இல்லை. தரைக்கு டைல்ஸ் பதித்திருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. பள்ளிச் சாப்பாட்டை இங்கே சமைக்கலாம் என்று அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். மூத்தவள் எவ்வளவு நாளாக அந்தக் குசினியைத் துடைத்து வைத்திருந்தாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுலோஜனா வேலியருகில் வந்து நின்றாள். சீதேவி அப்போதும் கிணற்றிலிருந்து பஞ்சை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நாளைக்குத் தேங்காய் திருவ, சட்டி கழுவ ஒரு ஆள் வேணும். நீ வாறயா? இல்லாட்டி குவைத்துக்குப் போறதெண்டாப் போ, நிருஷாவ நான் பாக்குறன்."

சீதேவியின் கை வாளிக் கயிற்றில் இறுகியது. அந்தக் கயிறு அக்காவின் கழுத்தில் கிடக்கக்கூடாதா என்று ஒரு நினைப்பு வந்துதான் போனது. வாசலில் நிருஷா பின்னாத தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாறன் அக்கா."

"வரக்குள்ள தலைய இறுக்கிக் கட்டிக்கொண்டு வா. சோத்துக்குள்ள பஞ்சு கிஞ்சு விழுந்தா எனக்குத்தான் கெட்ட பேர்."

சீதேவி தலையைக் கட்டிக்கொண்டுதான் போனாள்.