அம்மா விட்டுவைத்த இடம்

பினாங்கிலிருந்து தந்தி வந்தபோது நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அம்மா ஜுரத்தில் காலமானாள், தகனமும் ஆகிவிட்டது என்று என் தங்கையின் கணவர் அடித்திருந்தார். இரண்டு முறை படித்தேன். பால் பொங்கியது, இறக்கி வைத்தேன். யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மாதிரி விஷயங்களை எனக்குச் சொல்லித்தருகிறவள் அவள்தான்.

எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டைத் தெருக்களில் அவளை அறியாதவர்கள் குறைவு. அவளைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்களும் உண்டு. ஆனால் என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் எழுதத் துணிகிறேன்.

பினாங்கில் தங்கை காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்றே அம்மா டிரங்குப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். எழுபது வயதுக்கு மேல் கப்பலா என்று நான் தயங்கினேன். "நீ யோசிச்சுண்டே இரு. அதுக்குள்ள நான் அங்க போய் ரசம் வெச்சுடறேன்" என்றாள். ரயில் நகரும்போதும் அழவில்லை. ஜன்னல் வழியாக, "கிச்சா, மோர்ல உப்புப் போட்டுக் குடி, கேட்டியோ?" என்றாள்.

முதல் கடிதத்தைக் கப்பலிலேயே எழுதியிருந்தாள். "கடல் நம்ம பத்மதீர்த்தக் குளம் மாதிரிதான் இருக்கு. என்ன, அக்கரைதான் இல்லை" என்றிருந்தது. கப்பல் சாப்பாட்டைத் தொடாமல் அவலும் பழமுமாகக் காலம் தள்ளியிருக்கிறாள்.

அவள் கடிதம் எழுதும் முறை வேறு யாரிடமும் நான் காணாதது. ஒரு கேள்வி எழுதுவாள். கீழே கொஞ்சம் இடம் விடுவாள். அடுத்த கேள்வி, மறுபடியும் இடம். அந்த இடங்களில் நான் பதில் எழுதி அதே தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். "தனித் தாள் குடுத்தா நீ ஆபீஸ் பாஷைல மனு எழுதுவே. எனக்குப் பேசணும்டா" என்று காரணமும் எழுதியிருந்தாள். சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரிதான் இடம். தெருவைப் பற்றி என்றால் ஒரு சாண். நான் ஒழுங்காக எழுதி அனுப்பிவிடுவேன். அதனால் அவள் எழுத்து ஒன்றுகூட வீட்டில் தங்கவில்லை.

எதிர்வீட்டுச் சாம்பு மாமாவின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பதே அம்மாவின் ஆசை. "நான் இல்லாம நம்ம தெருவுல எந்தப் பந்தி உருப்பட்டிருக்கு?" என்று எழுதினாள். ஆனால் அடுத்த தாளில் குரல் இறங்கியிருந்தது. "கடல் தாண்டினவளுக்கு எலை போடுவாளா? மெதுவா விசாரிச்சு எழுது." கீழே ஒரு சாண் இடம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. ஆனாலும் ஒரு நாள் மாலை எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"பிராயச்சித்தம் பண்ணாம பந்தில உக்கார முடியாதாக்கும்" என்றார் மாமா.

உள்ளேயிருந்து பாகீரதி மாமி வந்தாள். "பின்னே, உங்க மருமான் சீமைக்குப் போய்ட்டு வந்தப்போ முதல் எலையே அவனுக்குத்தானே போட்டேள்? அவன் தாண்டினது என்ன, வாய்க்காலா?" மாமா வெற்றிலையை மடித்தார். மாமி என்னிடம், "கிச்சா, உங்கம்மாவை வரச் சொல்லு. என் எலைக்குப் பக்கத்துல அவ எலை. நான் எழுந்திருக்கச் சொன்னாத்தான் அவ எழுந்திருக்கணும்" என்றாள்.

சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். அதை எழுதுவதற்கு அம்மாவின் அடுத்த தாள் வர வேண்டும் என்று காத்திருந்தேன். தந்திதான் வந்தது.

காரியங்கள் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபமும் கழிந்த மறுநாள், கப்பல் தபாலில் அவளுடைய தாள் வந்தது. ஜுரம் வருவதற்கு முன் எழுதியது. எழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது. மோரில் உப்புப் போடுகிறாயா? ஒரு வரி இடம். மாமி சௌக்கியமா? இரண்டு வரி. நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். மாமி சொன்னதை நெருக்கி நெருக்கி எழுதியும் இடம் போதாமல் ஓரத்துக்கும் போனேன்.

கடைசிக் கேள்வி, "நான் வரட்டுமா?" என்பது. தாளின் அடிவிளிம்பில் அதற்கு ஓர் எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தாள். "வா" என்று எழுதினேன்.

அவளுடைய தாள்களில் இந்த ஒன்றுதான் திருப்பி அனுப்பப்படாமல் என்னிடம் இருக்கிறது.