சிவக்காமல் உருகிய அண்டா

திருப்போரூரில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சிறுசேரியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயம், என் தங்கைக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், சாம்பார் வைக்கும் அலுமினிய அண்டாவின் அடியில் ஒரு விரிசலைக் காட்டினார் சமையல்காரர் முனுசாமி. வேறு அண்டா பார்க்கக் கிளம்பியவரை, "வெல்டர் வூட்டுக் கல்யாணத்துல ஓட்டை அண்டாவா? குடு அண்ணாத்த" என்று தடுத்துவிட்டேன்.

இரும்பிலேயே பழகிய கை. கேஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அடிப்பாகம் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். அது சிவக்கவே இல்லை. திடீரென்று உருகித் தரையில் விழுந்தது. விரிசல் இருந்த இடத்தில் என் தலையே நுழையும்.

"இன்னாப்பா இது, சாம்பாரு நேரா அடுப்புக்கே போயிடுமே" என்றார் முனுசாமி.

அண்டாவோடு பஸ் ஏறி, செங்கல்பட்டில் ஆர்கான் வாயு வைத்து அலுமினியம் வெல்டிங் செய்பவரிடம் ஓடினேன். அவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "அலுமினியம் செவக்காது நைனா. சொல்லாம கொள்ளாம ஊத்திக்கும். மெல்லிசு தகடுக்கு ஆர்கான்தான் சரி." அதே வகைத் தகட்டை வெட்டி, தேய்த்துச் சுத்தம் செய்து, மாலைக்குள் பற்றவைத்துக் கொடுத்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரை மூன்று முறை கேட்டு வாங்கினார்கள்.

இப்போது என்னிடமும் ஆர்கான் மெஷின் இருக்கிறது. எது வந்தாலும் என்ன உலோகம் என்று பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். முனுசாமி மட்டும் இன்றும் என்னிடம் அண்டாவைத் திரும்ப வாங்கும்போது, வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே தலையை விட்டு ஓட்டை பார்க்கிறார். நானும் கூடவே தலையை விடுகிறேன்.