தங்கை புருஷனோடு ஏழாம் மாடியில்

என் தங்கையை அடித்து அனுப்பியவனோடு ஒரே மேடையில் நின்று பெயிண்ட் அடிக்க வேண்டிவந்தது. அவன் அவளுடைய புருஷன். கல்யாணமான புதிதில் என்னை உயரக் கட்டட வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். இருவரும் ஒன்றாகவே பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினோம். உத்திரமேரூருக்கு வெளியே, நெல் வயல்களுக்கு நடுவில் ஒரு கல்லூரி பத்து மாடி விடுதி கட்டியது. வெளிச்சுவரில் வேலை செய்யச் சான்றிதழ் உள்ள வேறு ஆள் அப்போது சூப்பர்வைசருக்குக் கிடைக்கவில்லை.

"உங்க குடும்ப பேஜாரெல்லாம் கேட்டுக்கு வெளியில வெச்சிட்டு வாங்க. மேல ஏறினா வேலைதான்," என்றார்.

தங்கை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நான்கு மாதமாகியிருந்தது. இடது காதில் பேசினால் அவளுக்குக் கேட்காது. அவன் அறைந்த காது அது. போலீசில் எழுதிக் கொடுத்தோம், கோர்ட்டுக்கும் போனோம். வேலைக்கு வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அவனுக்காக நான் எதற்கு விலக வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் நின்று வேலை செய்யும் கொண்டோலா என்பது மொட்டைமாடியிலிருந்து இரும்பு வடத்தில் தொங்கும் நீளமான மேடை. இரண்டு முனையிலும் மோட்டார் இருக்கும், முனைக்கு ஒருவர் நிற்போம். மேடை ஒரு பக்கம் சாய்ந்தால், பக்கத்தில் தனியாகத் தொங்கும் இன்னொரு வடத்தை ஒரு பூட்டு கவ்விக்கொள்ளும். அதுவும் போக ஆளுக்கொரு பெல்ட், அதை மாட்ட ஆளுக்கொரு கயிறு. ஏறுவதற்கு முன் ஒருவருடைய கொக்கியை மற்றவர் இழுத்துப் பார்த்தாக வேண்டும். முதல் நாள் அவன் இழுத்த இழுப்பில் நான் பின்னால் தள்ளாடினேன். நானும் சும்மா விடவில்லை. அவனுடையதை அதைவிட வேகமாக இழுத்தேன். தினமும் எங்கள் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பிறகு 'ஏத்து', 'எறக்கு' தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது.

ஒருநாள் முற்பகலில், ஏழாம் மாடி உயரத்தில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. சூப்பர்வைசர் கீழேயிருந்து போன் செய்தார்.

"ஜெனரேட்டர் ரிப்பேரா கீது. கையால எறக்கிக்கினு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா, மெதுவா."

மோட்டாரின் பிரேக்கைக் கையால் தளர்த்த ஒரு நெம்புகோல் உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைத் தூக்கினால் மேடை தன் பாரத்தில் மெல்ல இறங்கும்.

"நான் குரல் குடுக்கறேன், அப்ப தூக்கு," என்றேன்.

"நீ இன்னா எனக்குச் சொல்றது? உனக்கு இந்த வேலையக் காட்டினதே நான்தான்."

சொல்லிக்கொண்டே நெம்புகோலைத் தூக்கினான். அவன் முனை இறங்கியது, என் முனை அப்படியே நின்றது. பெயிண்ட் வாளி என் காலடியிலிருந்து சரிந்து, அவனைத் தாண்டிக் கீழே போய் விழுந்தது. மேடையின் தடுப்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். 'டக்'கென்று அவன் பக்கத்துப் பூட்டு வடத்தைக் கவ்வி மேடையை நிறுத்தியது.

"மச்சான்!" என்று கத்தினான்.

நான்கு மாதம் கழித்து அந்த உறவு அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் நெம்புகோலைத் தூக்கி, என் முனையை இறக்கிச் சமமாக்கினேன். ஆனால் அவன் பக்கத்துப் பாரம் முழுக்கப் பூட்டின்மேல் இருந்தது. மோட்டார் ஓடி அவன் முனையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால்தான் அது விடும். கரண்ட் வரும்வரை தொங்கத்தான் வேண்டும்.

ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தோம். வெயில் சுவரில் பட்டு எங்கள்மேல் திரும்பியது. தண்ணீர் பாட்டில் அவன் பக்கம் இருந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான், மூடியைத் திருகித் தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். நான் கேட்கவில்லை.

பிறகு அவனே ஆரம்பித்தான். "வேணும்னு அடிக்கல. கை பட்டுடுச்சி."

"கை பட்டா காது போவுமா?"

"அவ எங்கம்மாவ இன்னா பேசினா, தெரியுமா உனக்கு?"

"இன்னா வேணா பேசட்டும். நீ யாரு அடிக்க?"

"புருஷன்டா நான்."

"கோர்ட்டுல சொல்லு."

"கேஸ வாபஸ் வாங்கிக்கோ. அவள வூட்டுக்கு அனுப்பு. பாத்துக்கறேன்."

"இன்னொரு காதையும் பாத்துக்கவா?"

அவன் எழுந்தான். மேடை ஆடியது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அந்த உயரத்தில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை. திரும்பி உட்கார்ந்து வயலைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

கரண்ட் வந்ததும் அவன் முனையைச் சற்று ஏற்றினோம். பூட்டு விட்டது, மேடையை இறக்கினோம். தரையெல்லாம் பெயிண்ட்.

"யாரு சாய்ச்சது?" என்றார் சூப்பர்வைசர்.

"வடம் சிக்கிக்கிச்சி," என்றான் அவன்.

"இல்ல. நான் சொல்றதுக்கு முன்னாடியே இவன் பிரேக்க வுட்டான்," என்றேன்.

அன்றே அவனை மேடையிலிருந்து எடுத்து, கீழே பெயிண்ட் கலக்க விட்டார்கள். இரண்டு நாள் பார்த்தான், பிறகு வருவதை நிறுத்திவிட்டான். போகும்போது கேட்டில் நின்று, "குடும்பத்தக் கெடுத்தானுங்க, இப்ப பொழப்பையும் கெடுத்துட்டானுங்க," என்று ஊர் கேட்கக் கத்தினான். வேறு ஆள் வரும்வரை மேடை தரையிலேயே கிடந்தது.

மேடை சாய்ந்த அன்று சாயங்காலமே நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த தங்கை கையை நிறுத்தினாள்.

"அவரு பெல்ட்டு மாட்டிக்கினு இருந்தாரா?"

என்னால் கோபத்தை அடக்க முடியவில்லை. தட்டைத் தள்ளினேன். "உன்ன செவுடாக்கினவன் பெல்ட்டு மாட்டினா இன்னா, மாட்டலன்னா இன்னா? இன்னும் அவன்மேல அக்கற கீதா உனக்கு?"

அவள் தட்டை இழுத்து என் முன்னால் மறுபடி வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"செத்துப் போனா பாவம்னு சொல்லி எல்லாரும் அழுவாங்க. நானும் தாலி அறுத்துக்கினு அழுவணும். அவரு உசுரோட வந்து, அடிச்சேன்னு ஜட்ஜ் முன்னாடி சொல்லணும் அண்ணா. அதுக்குத்தான் கேட்டேன்."

சாப்பிட்டேன்.

இப்போது அவள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். கேஸ் இன்னும் முடியவில்லை, வாய்தா வாய்தாவாகப் போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு நான் கூடப் போகிறேன். அவன் தன் அம்மாவோடு வந்து எதிர்ச் சுவர் ஓரமாக நிற்பான். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்புவதில்லை, நானும் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. தங்கை மட்டும், பெயரைக் கூப்பிடும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.