மயிலாப்பூரில் காணாமல் போன ஷூ

நான் முதன்முதலாகச் சென்னையைப் பார்த்தது ஓர் இத்தாலிக்காரரின் தயவால். அப்போது ஐந்தாம் வகுப்பு, அரையாண்டு விடுமுறை. ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த ஷூ ஃபேக்டரிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர் அவர். ஃபேக்டரியில் எல்லோரும் அவரைப் ‘பையர்’ என்றுதான் சொல்வார்கள். அது அவருடைய பெயர் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சாம்பிள் ரூமில் மாஸ்டர். புது மாடல் ஷூவின் முதல் ஜோடியை அவர்தான் செய்வார். அது பையருக்குப் பிடித்தால் மற்ற ஜோடிகள் லைனில் ஓடும். பிடிக்காவிட்டால் லைன் சும்மா கிடக்கும். அம்மாவும் அதே ஃபேக்டரியில் தையல் லைனில் இருந்தாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான். அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு லைனை நிறுத்தியிருந்தார்கள். அடுத்து நின்றால் அது அம்மாவின் லைன்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்தப் பையருக்கு ஒரு பழக்கம். சாம்பிளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பதோடு விடமாட்டார். தன் காலில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடப்பார். ராத்திரி கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். இந்தமுறை நடந்து பார்க்க ஒரே நாள்தான் இருந்தது, மறுநாள் அவருக்கு விமானம். ஊருக்குப் போகும் முன் சென்னையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், நாட்டியம் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவிக்கு ஆசை. ஆகவே ஷூவுக்குப் பரீட்சையும் சென்னையில் என்று முடிவாயிற்று.

முதல் நாள் இரவு மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“பசை இன்னும் காயணும் சார். ஒரு நாள் கட்டையிலயே இருந்தா நல்லது” என்றார் அப்பா. ஷூவை மாட்டி உருக்கொடுக்கும் கால் வடிவ அச்சைத்தான் கட்டை என்பார்கள்.

“ஒரு நாளா? பையர் பிளைட்டை நிறுத்திகினு உக்காந்திருப்பானா? கழட்டிக் குடு மாஸ்டர், பேஜார் பண்ணாத.” அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்து, “பாப்பாவையும் இட்டுகினு வா. குழந்தை கூட இருந்தா பெரிய மனுஷனுங்க ஜாஸ்தி கோவப்பட மாட்டானுங்க” என்றார்.

என் சென்னைப் பயணம் இப்படித்தான் உறுதியாயிற்று. அப்பா மூன்று இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை. நானும் அன்று தூங்கவில்லை. எனக்குக் காரணம் வேறு.

மேனேஜர் காரை ஓட்டினார். பக்கத்தில் பையர். பின்னால் அவர் மனைவி, நான், அப்பா. பையரின் காலில் அந்த ஷூ. காப்பிக்கொட்டை நிறம், மூக்கில் சின்னச் சின்னத் துளைகளால் ஒரு பூ வேலை. வாலாஜா தாண்டும் வரை அந்த அம்மாள் என் இரட்டைப் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் இருந்த மண்டபத்துக்குப் போனோம். அத்தனை சிலைகளை ஒரே இடத்தில், அபிஷேகம் இல்லாமல், மாலை இல்லாமல் பார்த்தது எனக்கு ஒருமாதிரி இருந்தது. கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் யாரும் பார்க்காதபோது கும்பிட்டுக்கொண்டேன். பையர் ஒவ்வொரு சிலையின் முன்பும் குனிந்து, நிமிர்ந்து, பின்பக்கம் போய்ப் பார்த்தார். அவர் குனியும்போதெல்லாம் ஷூவின் முன்பாகம் மடங்கும். அது மடங்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் சுருங்கும். எல்லோரும் சாமியின் முகத்தைப் பார்த்தோம். அப்பா மட்டும் பையரின் காலைப் பார்த்துக்கொண்டே அந்த மண்டபம் முழுக்க நடந்தார்.

சாயங்காலம் கடற்கரை. மணலில் நடக்க வேண்டாம் என்று மேனேஜர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். பையர் கேட்கவில்லை. பலூன் சுடும் கடை, சோளம் வாட்டும் அடுப்பு, குதிரை எல்லாவற்றையும் தாண்டித் தண்ணீர் ஓரம் போய் நின்றுவிட்டார். நான் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அப்பா “ஐயோ” என்றார். ஓர் அலை வந்து பையரின் இடது காலை நனைத்துவிட்டுப் போயிருந்தது. பையர் சிரித்துக்கொண்டே காலை உதறினார். அப்பா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

இருட்டும் நேரத்தில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். மார்கழி மாதம். குளத்தைச் சுற்றிலும் பூக்கடை வெளிச்சம். பட்டுப்புடவை கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள், ஆனால் எங்கேயும் கல்யாணம் இல்லை. பாட்டுக் கேட்கவும் ஆட்டம் பார்க்கவும் மட்டும் இவ்வளவு பேர் இப்படி உடுத்திக்கொண்டு வருவார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் பாட்டு தானாகக் காதில் விழும். கோயில் ஸ்பீக்கர், சர்ச் ஸ்பீக்கர், தர்கா ஸ்பீக்கர். யாரும் அதற்காகத் தலைசீவிக்கொண்டு கிளம்புவதில்லை.

நாட்டியம் நடந்தது ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் பெரிய கூடத்தில். தரையில் பாய் விரித்து உட்கார வேண்டும். செருப்பையெல்லாம் வெளியே படிக்கட்டின் ஓரம் கழற்றிவிட வேண்டும். பையர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்பா குனிந்து அதை நேராக வைப்பதுபோல் ஒருமுறை தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா, நீ இங்கியே உக்காந்துக்கோ. ஷூவைப் பாத்துக்கோ. எங்கியும் போவாத.”

எனக்கு அழுகை வந்தது. நாட்டியம் என்றால் என்னவென்று பார்க்கத்தான் ராத்திரியெல்லாம் விழித்திருந்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். என் மாற்றுத்துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவும் உள்ளே போய்விட்டார். கேட்டருகில் வாட்ச்மேன் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்வதற்காக அவ்வப்போது எழுந்து தெருப் பக்கம் போய்வந்தார்.

உள்ளே மிருதங்கம் தொடங்கியது. அதன்மேல் சலங்கை. அந்தச் சத்தம் தரை வழியாகவே வந்து என் காலைத் தொட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு, பக்கத்துச் சுவரில்தானே ஜன்னல் இருக்கிறது, அங்கிருந்து ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

ஆடியவருக்கு அம்மா வயது இருக்கும். யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதாக ஆடினார். கடைசி பஸ்ஸுக்கு நிற்பவரைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. வாசலுக்கு ஓடுகிறார், இல்லை என்று திரும்புகிறார், கோபித்துக்கொள்கிறார், மறுபடி காது கொடுத்துக் கேட்கிறார். செருப்பில்லாத அந்தக் காலின் ஓரங்களில் சிவப்புச் சாயம். பையரின் மனைவி வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பையர் சம்மணம் போடத் தெரியாமல் காலை நீட்டியிருந்தார். மேனேஜர் தூங்கிவிட்டார். அப்பாவை மட்டும் காணவில்லை. தூணுக்குப் பின்னால் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கைதட்டல் கேட்டபோதுதான் ஷூ ஞாபகம் வந்தது.

ஓடினேன். படிக்கட்டு ஓரத்தில் எல்லாச் செருப்பும் இருந்தன. அந்த ஷூ இல்லை.

முதலில் இடம் மாறிப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். ஒவ்வொரு செருப்பாகத் தூக்கிப் பார்த்தேன். பூந்தொட்டிகளுக்குப் பின்னால், படிக்கு அடியில், தெருவில் நின்ற கார்களுக்கு அடியில் எல்லாம் தேடினேன். அம்மாவின் லைன், எங்கள் தெரு எல்லாம் கண்முன் வந்து நின்றன. அதற்குள் ஜனங்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டார்கள். அப்பா வந்தார். அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வாயைத் திறந்து அழுதேன் என்பதுதான் சரி. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தலையில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மேனேஜர்தான் கத்தினார். அதுவும் என்னிடம் இல்லை, வாட்ச்மேனிடம்.

“நீ இன்னாத்துக்குய்யா இங்க உக்காந்துகினு இருக்க? புது ஷூ, எங்க போச்சு? எடுத்துக் குடுத்துட்டு மறுவேலை பாரு. இல்லன்னா ஸ்டேஷனுக்கு நட!”

வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார். “எத்தினியோ வருஷமா நிக்கிறேன் சார், ஒரு செருப்பு போனதில்ல. என் ரூமு, என் பைய வேணாலும் பாத்துக்கோங்க” என்று தன் பையை எடுத்து எல்லோர் முன்னாலும் தலைகீழாகக் கொட்டினார். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, மாத்திரை அட்டை. மேனேஜர் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் சொல்லவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

“அவர் எடுக்கல. நான்தான் பாத்துக்கறேன்னு உக்காந்தேன். நான்தான் எந்திரிச்சுப் போய்ட்டேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஏன் போனாய் என்று கேட்கிறார் என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“சலங்கைச் சத்தம் கேட்டுது. பாக்கணும் போல இருந்துச்சு.”

மேனேஜர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. பையரின் மனைவி குனிந்து என்னைக் கட்டிக்கொண்டார். பையர் கொஞ்ச நேரம் தன் வெறுங்காலையே பார்த்தார். சரியென்று சொல்லப்போகிறாரா, எல்லாவற்றையும் ரத்து செய்யப்போகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாத முகம். பிறகு சத்தமாகச் சிரித்தார். இத்தனை செருப்புகள் கிடக்க அந்த ஒரு ஜோடியை மட்டும் ஒருவன் எடுத்துப் போயிருக்கிறான் என்றால், திருடனுக்கு நல்ல கண் இருக்கிறது என்றாராம். கடையில் வைத்தால் நன்றாகவே விற்கும் என்றாராம். ஹோட்டலில் அவருக்கு வேறு ஷூ இருந்தது. அதுவரை மேனேஜரின் செருப்பைப் போட்டுக்கொண்டார். குதிகால் பாதி வெளியே தொங்கியது. வாட்ச்மேன் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தார்.

விமானம் ஏறுவதற்கு முன் பையர் ஆர்டரை உறுதி செய்துவிட்டார். இன்னொரு ஜோடி செய்து அனுப்ப வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்பா இந்தமுறை நிதானமாகச் செய்து, முழுசாகக் காயவிட்டு அனுப்பினார். அம்மாவின் லைன் ஓடியது.

நான் ஷூவைத் தொலைத்த கதை எங்கள் வீட்டில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. யார் வந்தாலும் நானே சொல்வேன். கல்யாணமாகித் திருப்பத்தூர் போன பிறகும் சொன்னேன். ஒரு பொங்கலுக்கு என் மாமியார் வீட்டார் ஆம்பூர் வந்திருந்தபோது, மேனேஜர் மாதிரியே குரல் மாற்றி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“எத்தினி வாட்டிதான் அதையே சொல்லுவ? அது தொலையவே இல்ல.”

“இன்னாம்மா சொல்ற?”

“மறுநாள் காலைல உன் துணிய எடுக்க நான்தான பையத் தொறந்தேன். பேப்பர் சுத்தி அடியில வச்சிருந்தாரு. எடது கால் சோல் முன்னாடி வாயப் பொளந்துகினு கெடந்துச்சு. அத மட்டும் பையர் பாத்திருந்தா எல்லாம் போயிருக்கும்.” அடுப்பைத் தணித்துவிட்டுத் தொடர்ந்தாள். “அந்த வாட்ச்மேன நெனச்சி ரெண்டு நாள் சோறு துன்னல உங்கப்பா. உன்னாண்ட சொல்லிடணும்னுதான் இருந்தாரு. நீதான் யார் வந்தாலும் சிரிச்சிகினே சொல்ல ஆரம்பிச்சிட்டியே.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. ஆனால் மயிலாப்பூரிலிருந்து திரும்பிய அன்றிரவு பஸ்ஸில் நடந்த ஒரு சின்னப் பேச்சு மட்டும் மறுபடி மறுபடி ஞாபகம் வருகிறது. கதை சொல்லும்போதெல்லாம் நான் அதை விட்டுவிடுவேன். சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

பையரோடு மேனேஜர் சென்னையிலேயே தங்கிவிட்டார். நானும் அப்பாவும் ஆம்பூர் வழியாகப் போகும் திருப்பத்தூர் பஸ் பிடித்தோம். அழுது அழுது எனக்குத் தலை வலித்தது. அப்பா மடியில் பையை வைத்து, அதன்மேல் என் தலையைச் சாய்த்துக்கொண்டார். பை கெட்டியாக இருந்தது. புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை அடித்தது. அப்பாவிடம் எப்போதும் அடிக்கும் வாசனைதான். பூந்தமல்லி தாண்டியதும் பஸ்ஸில் விளக்கை அணைத்தார்கள்.

“தூங்கிட்டியா?”

“இல்லப்பா.”

“நீ ஒண்ணும் தப்புப் பண்லம்மா.”

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, நான் தூங்கியிருப்பேன் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகக் கேட்டார்.

“அப்பா மேல கோவமா?”

தொலைத்தது நான். கோபப்பட வேண்டியவர் அவர். மூன்று நாள் தூக்கமில்லாததில் மாற்றிப் பேசுகிறார், பாவம் என்று எண்ணிக்கொண்டேன். பெரிய மனுஷி மாதிரி அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “இல்லப்பா, நீ தூங்கு” என்றேன்.