அடித்தகட்டில் இருந்த எழுத்து

எங்கள் வீட்டுக் குளியல் சோப்பில் எப்போதும் பித்தளைத் தூள் ஒட்டியிருக்கும். முதுகில் தேய்த்தால் முள் இழுத்தது போல எரியும். ஈரம் பட்டதும் எண்ணெயும் உலோகமும் கலந்த ஒரு புளித்த வாடை எழும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுளிக்கும்போதெல்லாம் அது என் மேலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பின் வேலிக்கு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை இருந்த ஒரே இடம் குளிக்கிற மறைப்புதான். அப்பா அதைத் தன் பட்டறையாக்கியிருந்தார்.

அப்பா சுரங்கத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் 'கான்ட்ராக்ட்' ஆள். பழைய தையல் மெஷினின் மிதிகட்டையை வைத்து வீட்டில் ஒரு சிறு 'லேத்' கட்டியிருந்தார். நான் மிதிப்பேன், சுழலும் பித்தளையில் அவர் உளியை வைப்பார். அவருடைய குட்டி நீராவி இன்ஜின் அப்படித்தான் பிறந்தது: ஒரு சாண் நீளம், செம்புக் குழாயில் கொதிகலன், கட்டைவிரல் பருமனில் சிலிண்டர், அதற்குள் நிஜமாகவே முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன். கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் முதலில் இருமும், பிறகு எச்சில் துப்பும், பிறகு 'டக் டக்' என்று சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

"குளிக்கிற எடத்துல பழைய இரும்புக் கடைய வச்சிக்கினு இருந்தா பொம்பளப் புள்ள எங்க குளிக்கும்?" என்று அம்மா தினமும் கேட்பாள். அப்பாவிடம் ஒரே பதில்தான்: "பெரிய சாருங்க கண்ணுல ஒரு தடவ பட்டா போதும், பர்மனென்ட் ஆயிடலாம்."

அந்த ஒரு தடவை நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. அப்பாவின் பிரிவு அதிகாரி ஓய்வு பெற்றார். பிரிவின் சார்பில் மாலை, பொன்னாடையோடு அப்பாவின் இன்ஜினையும் பரிசாகக் கொடுப்பது என்று முடிவானது. முந்தின நாள் அதைக் கவிழ்த்து, அடித்தகட்டில் கோடு போடும் ஊசியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். பவித்ராவின் 'ப', மூன்றே கோடுகள். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு அடையாளம் தெரிந்த ஒரே எழுத்தும் அதுதான், நான் காட்டிக் கொடுத்தது.

விழாவில் இன்ஜின் மேஜை மேல் ஓடியது; அதை ஓட்டிய அப்பா மேஜைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எட்டி எட்டி விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தீப்பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். "உன்ன மறக்க மாட்டேன்பா, மேல சொல்லி வைக்கிறேன்" என்றார் அதிகாரி. நாளைக்கு நாற்காலியே இல்லாதவர் யாரிடம் சொல்லி வைப்பார் என்று எனக்கே தோன்றியது. அப்பாவுக்குத் தோன்றவில்லை, வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

மூன்று மாதம் கழித்துப் பித்தளைத் துண்டு வாங்க வடலூர் காயலான் கடைக்குப் போனோம். தராசுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த மின்விசிறி இறக்கைக்கு அடியில், எங்கள் இன்ஜின் கிடந்தது.

"குவாட்டர்ஸ் காலி பண்ண ஒரு ஆபீசர் வூட்டுலேர்ந்து வந்துச்சுண்ணே. எண்ணெ வழியுதுன்னு அந்தம்மா தூக்கிப் போட்டுட்டாங்களாம். நல்ல கனம்" என்றார் கடைக்காரர்.

அப்பா அதைக் கவிழ்த்து 'ப'வைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எட போடுங்க" என்றார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "புது வூட்டுல எடம் பத்தல போல, பாவம்." தூக்கி எறிந்தவர்களுக்காக இரக்கப்படுகிற அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் இன்னொரு அதிகாரி ஓய்வு பெற்றார். பர்மனென்ட் பட்டியல் தயாராகிறது, விழாவுக்குப் பெரிய சார்கள் எல்லாரும் வருவார்கள் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். புதிதாக ஒன்று செய்ய ஐந்து மாதமாவது வேண்டும். இருந்ததோ மூன்று வாரம். அப்பா அதே இன்ஜினைப் புளி போட்டுத் துலக்கி, அதுவரை பச்சையாக இருந்த சக்கரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்.

"அதையேவா குடுக்கப் போறீங்க? வெக்கமா இல்ல?" என்றாள் அம்மா.

"எவன் அத உத்துப் பாத்தான்?"

அப்பா சொன்னது சரிதான். போன வருடம் கைதட்டிய அதே கைகள் இந்த வருடமும் தட்டின, ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் இருந்த பழைய அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அடடா, எனக்குக் குடுத்தத விட இது அருமையா இருக்கே! என்னோடது ஷோகேஸ்ல இருக்கு. தினம் அதப் பாக்காம நான் காபி குடிக்கிறதில்ல" என்றார்.

"சார், இது உங்களோடதுதான். வடலூர் காயலான் கடையில கெடந்துச்சு. அடியில என் எழுத்து இருக்கு" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். "எங்க, தூக்கிக் காட்டு பாப்பா" என்றார் ஒருவர். நான் விளக்கை அணைத்துவிட்டுத் துணியால் பிடித்து இன்ஜினைக் கவிழ்த்தேன். கொதிநீர் சொட்டி, இந்த முறையும் மேஜைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் விழுந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடித்தகட்டில் எழுத்து இல்லை. அது இருந்த இடத்தில் அரம் போட்ட புதுக்கோடுகள் மட்டும், ஒரே சீராகப் பளபளத்தன.

"பாப்பா தெரியாம சொல்லுதுங்க" என்று மேஜைக்குக் கீழிருந்து அப்பாவின் குரல் வந்தது. "புதுசுதாங்க. நானே புதுசா செஞ்சது."

"பரவால்லப்பா, சின்னப் பொண்ணுதானே" என்று அந்தப் பழைய அதிகாரி என் தலையைத் தடவினார். வீட்டுக்குப் போய் அன்று மூன்று தடவை தலைக்குக் குளித்தேன். தூள் ஒட்டிய அதே சோப்பால்.

"ஏம்பா அழிச்சே?" என்று மறுநாள் கேட்டேன்.

"புதுசுன்னு நம்பணும்ல பாப்பா" என்றார், கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவியபடியே.

பட்டியல் வந்தது. அப்பா பெயர் அதில் இல்லை. உடம்பு முடியாமல் வேலையை விட்டு நிற்கும்வரை அவர் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தார். இரண்டாவது அதிகாரியும் குவாட்டர்ஸைக் காலி செய்தார். இன்ஜின் மறுபடி அதே கடைக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் சொல்லியனுப்ப, இந்த முறை நானே தனியாகப் போய் வாங்கி வந்தேன்.

இன்று நான் இயந்திரப் பொறியாளர். அந்த அதிகாரிகள் இருந்த பிளாக்கில் பல வீடுகள் கதவில்லாமல் புதர் மண்டிக் கிடக்கின்றன. வடலூர்க் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எங்கள் வீட்டுக் குளியலறையில் வழவழப்பான டைல்ஸ். இன்ஜின் என் மேஜை மேல் இருக்கிறது.

போன மாதம் என்னோடு வேலை பார்ப்பவர்கள் வந்திருந்தபோது அதை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டு, தன் சொந்த வீட்டில், தன் மகளின் மேஜைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கை ஏற்றினார். சக்கரம் சுழன்றதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"சூப்பரா இருக்கு அங்கிள், இது ஏது?" என்று ஒருத்தி கேட்டாள்.

அப்பா மேலே நிமிர்ந்து பார்த்து, அதே பழைய சிரிப்போடு சொன்னார்: "பெரிய சார் ஒருத்தர் வூட்டுலேர்ந்து வந்ததுங்க."

அது பொய்யில்லை. தானே செய்தது என்று அவர் சொல்லவேயில்லை; நான் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.