ஹோஸில் இறக்கிய எண்ணெய்

கொரட்டூர் ஏரிக்கரை ஓரமா மட்டும் தப்பிப் பிழைச்சிருந்த செடி அது. நான் வேறெங்கயும் பார்த்ததில்ல. இலையைக் கசக்கினா எலுமிச்சைத் தோலும் ஈர மண்ணும் கலந்த மாதிரி வாசம் வரும். அந்த வாசத்துல என்னென்ன பொருள் இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பிஎச்.டி. பட்டாபிராம்ல ரயிலேறி கொரட்டூர்ல இறங்கி இலை பறிச்சுக்கிட்டு, பூந்தமல்லிப் பக்கம் எங்க காலேஜுக்கு பஸ்ஸுல இடிபட்டுப் போவேன்.

இலையை ஆவியில வேகவெச்சு எண்ணெய் இறக்கணும். அதுக்கான கண்ணாடிக் குழாய் உடைஞ்சு போச்சு. புதுசு கேட்டா, என் கைடு மேடம், "அது வர்றப்போ வரும். பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கி மாட்டு"ன்னாங்க. முடியாதுன்னேன். நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ, சேர்த்துவெச்ச மொத்த இலையையும் அவங்களே ஹோஸ் மாட்டி இறக்கிட்டாங்க. குரங்கு கையில பூமாலை!

ஹோஸ் நல்லா வளையணும்னு அதுல ஒரு ரசாயனம் கலப்பாங்க. சூடான ஆவி பட்டா அது எண்ணெயில இறங்கிடும். எண்ணெயை மெஷின்ல சோதிச்சு ரிசல்ட் வந்தப்போ, கிராஃப்ல எல்லாத்தையும் விட உசரமா அதுதான் நின்னுச்சு. செடியோட சொந்தச் சரக்கு அதுக்கடியில நசுங்கிக் கிடந்தது. கிராஃபை எடுத்துட்டுப் போய் மேடம் முன்னாடி வெச்சேன்.

"மேடம், இது செடியில வந்தது இல்ல. பிளாஸ்டிக்."

"எத்தனை பேப்பர்ல இதே காம்பவுண்டைப் போட்டிருக்காங்க! அவங்கல்லாம் முட்டாளா? நீ ஒருத்திதான் அறிவாளியோ?"

போட்டிருக்காங்கதான். அவங்க காலேஜ் பக்கத்துலயும் ஹார்டுவேர் கடை இருந்திருக்கும்.

மறுபடி இலை பறிக்க ஓடினேன். கரையை உயர்த்தி நடைபாதைக்குக் கல் பதிச்சுக்கிட்டிருந்தாங்க. அங்க வேலை செஞ்சவர்கிட்ட கேட்டேன்.

"இன்னா செடிமா? புல்லு பூண்டு எல்லாத்தையும் வாரி லாரில ஏத்தியாச்சு."

அங்கயே உக்காந்து வாய்விட்டு அழுதேன். இன்னொரு தடவை இறக்க ஒரு இலை கிடையாது. அந்த வாசம் எதனால வந்துச்சுன்னு இனி எவனுக்கும் தெரியாது.

மேடம் பேப்பரைப் போட்டாங்க. என்னைக் கேக்காம என் பேரையும் சேர்த்து.

போன மாசம் அவங்க போனை என்கிட்ட நீட்டினாங்க. லைன்ல, வேற ஊர்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணு. "அக்கா, அந்தக் காம்பவுண்டு உங்க செடியில அவ்ளோ இருக்குன்னு படிச்சேன். கொஞ்சம் இலை அனுப்புவீங்களா?"

மேடம் எதிர்ல நின்னாங்க. நிக்கட்டும்.

"இலை எதுக்கும்மா? கடையில ஒரு மீட்டர் ஹோஸ் வாங்கிக்கோ. அதுல இதை விட ஜாஸ்தியா இருக்கு."