எயார் பில்டருக்குள் தும்பு

அப்பாவின் ஹயரிங் கார் ஆரையம்பதிக்கும் டவுணுக்கும் வாடகைக்கு ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோனது. காரின் எயார் பில்டருக்குள் இருந்த கம்பிவலை துருப்பிடித்து உதிர்ந்தபோது புதியது எங்கும் கிடைக்கவில்லை. அப்பா தென்னந்தும்பை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து உள்ளே அடைத்தார். அறுவடைக் காலத்தில் வயல்வட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போவதால், பதர்த்தூசி எஞ்சினுக்குள் போய்விடும் என்ற பயத்தில் நன்றாக இறுக்கினார். சனிக்கிழமைகளில் அந்தத் தும்பை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பது நான்.

அந்த நாட்களில் எனக்கு ஓர் இடம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை லொறி ஓட்டுபவர். வீடு பெண்ணுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டோடு காரையும் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். முன்பு வந்த இடங்கள் தட்டிப்போயிருந்ததால், இதுவும் போனால் இனி ஒன்றும் வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம் மாப்பிள்ளை காரை ஓட்டிப் பார்க்க வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை வாங்கும்போதும் அவர் கண் காரின் பொனட்டில்தான் இருந்தது. அப்பாவும் அவரும் கல்லடிப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள்.

"பாலத்து ஏத்தத்தில இழுக்குதில்ல மாமா. பின்னால ஒரே கரும்புகை. வாய்க்குள்ள சீலைய அடைச்சிப்போட்டு ஓடு எண்டா ஓடுமா?"

பொனட்டைத் திறந்து தும்பை இழுத்து மணலில் எறிந்தார். பிறகு ஸ்டார்ட் பண்ணினார். சத்தமே மாறிவிட்டது.

"கேட்டீங்களா? இப்பதான் மூச்சு விடுது. இனி இது தேவல்ல."

"பதர் உள்ள போனா எஞ்சின் தேஞ்சிரும் தம்பி."

"அப்ப பாத்துக்கொள்ளுவம் மாமா."

"மறுகா என்னத்தப் பாக்கிற? உன்ட மூக்கு மயிரையும் புடுங்கிப்போட்டுத் திரியன்!"

அவர் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தும்பில்லாமல் ஓடுகிறவனுக்குக் கார் இல்லை என்றார். கார் இல்லாவிட்டால் கலியாணப் பேச்சும் இல்லை என்று அவர் சைக்கிளை எடுத்தார். நான் வாசலில் நின்றேன். என்னிடம் கேட்பதற்கு இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

கோப்பையில் பாதித் தேத்தண்ணி மிச்சமிருந்தது. ஊற்றிவிட்டுக் கழுவி வைத்தேன்.

மணலில் கிடந்த தும்பைப் பொறுக்கினேன். பாதியில் மணல் அப்பியிருந்தது, உதறியும் போகவில்லை. நல்ல பாதியை மட்டும் கழுவி, எண்ணெய் தடவி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி உள்ளே வைத்தார்.

அடுத்த நாள் டவுணுக்குப் போய் வந்தவர் காரிலிருந்து இறங்கும்போதே சொன்னார்.

"பாத்தியா புள்ள, தும்போடயும் பாலத்தில இழுக்குது. புகையும் இல்ல."

"ஓம் அப்பா" என்றேன். அடுப்பில் உலை கொதித்தது. அரிசி கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு இடம் ஒன்றும் வரவில்லை. எஞ்சின் நெடுங்காலம் தேயாமல் ஓடியது.